அந்தப் பக்கத்தில் டிப்ளமோ என்றுதான் இருந்தது

எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்ததும் தையல் லைன்கள் எல்லாம் ஒரே நொடியில் அமைதியாகிவிடும். மெர்ச்சண்டைசிங் செக்‌ஷனில் இருந்த நாங்கள் மட்டும் டிபன் பாக்ஸைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்குப் பதில் அடித்துக்கொண்டிருப்போம். எனக்கு விரல் வேகம். மற்றவர்கள் ரசத்துக்கு வருவதற்குள் நான் மெயில்களை முடித்துவிடுவேன். மிச்சமிருக்கும் நேரத்தில் நான் செய்த வேலையை அந்த ஆபீஸில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நான் படித்த பிசினஸ் ஸ்கூலைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் இருந்தது. அதைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பிராட்பேண்ட் வந்த புதிது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று ஒரு கலைக்களஞ்சியம் இருப்பதே எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு பையர் என் பயோடேட்டாவைக் கேட்டான் என்று கல்லூரியின் முகவரியைத் தேடப்போனேன். முகவரிக்குப் பதிலாக அந்தப் பக்கம் வந்து நின்றது. படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. தென்னிந்தியாவின் தலைசிறந்த கல்வி நிறுவனமாம். நாளைய தலைவர்களின் நாற்றங்காலாம். உலகத்தரம் வாய்ந்த நூலகமாம். பல்லடம் ரோட்டில், ஒரு பக்கம் கோழிப்பண்ணை, இன்னொரு பக்கம் தறிக்குடோன், நடுவில் மூன்று மாடிக் கட்டடம். அதில் ரெண்டு வருடம் படித்த எனக்கு அந்த நூலகம் எந்த மாடியில் இருந்தது என்று கடைசி வரை தெரியாது.

நோட்டீஸ் மாதிரி இருந்த வரிகளை எல்லாம் அன்றைக்கே வெட்டினேன். மறுநாள் அத்தனையும் திரும்ப வந்திருந்தது. கல்லூரியில் யாரோ உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார்கள். நானும் விடவில்லை. இப்படி நாங்கள் மாற்றி மாற்றி வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது மூன்றாவதாக ஓர் ஆள் வந்தார். எந்த நாடு, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. அந்தத் தளத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர் என்று மட்டும் தெரிந்தது. கல்லூரியின் ஜம்பத்தை நீக்கினார். எனக்குக் கைதட்டத் தோன்றியது. அடுத்த நிமிடம் நான் எழுதியதிலும் கைவைத்தார்.

அது வேலைவாய்ப்பு பற்றிய வரி. 'படித்த அனைவருக்கும் வேலை' என்று கல்லூரி போட்டிருந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பனியன் கம்பெனி முதலாளிகளின் பிள்ளைகள். படிப்பு முடிந்த மறுவாரம் அப்பாவின் கம்பெனியில் அப்பாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கல்லூரி அதையும் வேலைவாய்ப்புக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. நான் அதை மாற்றி, 'மாணவர்களில் பலர் சொந்தக் கம்பெனிக்கே திரும்புகிறார்கள்' என்று எழுதினேன். அந்த ஆள் அதன் பக்கத்தில் 'சான்று தேவை' என்று போட்டார். கண்ணால் பார்த்தேன், அதுதான் சான்று என்றேன். உங்கள் கண் சான்றாகாது என்றார். கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்தால் எங்கள் செக்கிங் டேபிளிலும் அதேதான் நடக்கிறது. துணியில் ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர். எந்த லைனில் தைத்தது, யாருக்கு வேண்டியவர் தைத்தது என்று ஸ்டிக்கர் கேட்பதில்லை. அந்த ஆள் என் பீஸிலும் ஒட்டிவிட்டார், அவ்வளவுதான்.

அப்புறம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். புகழக் கூடாது, குறையும் சொல்லக் கூடாது. எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அச்சில் ஏதாவது ஆதாரம் வேண்டும். பழசானால் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பக்கம் மெல்ல மெல்ல இளைத்துக் கடைசியில் ஆறேழு வரியில் நின்றது. அதில் ஒரு வரி, தமிழில் சொன்னால் இப்படி இருந்தது: 'இந்நிறுவனம் தானே வழங்கும் ஈராண்டு முதுநிலை டிப்ளமோவை அளிக்கிறது.'

உண்மை. எங்கள் பிராஸ்பெக்டஸிலேயே சின்ன எழுத்தில் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் அதை டிப்ளமோ என்று யாரும் சொன்னதில்லை. சேரும்போதே எம்பிஏ என்றுதான் பேச்சு. நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். பல்கலைக்கழகப் பட்டம் வேறு, கல்லூரி தன் கையால் கொடுக்கும் டிப்ளமோ வேறு என்பதெல்லாம் யாருக்கும் உறைத்ததில்லை. அந்த வரியை யாரும் கண்டுகொள்ளாததால் அது பாட்டுக்கு இருந்தது.

என் வகுப்பில் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் ஒருத்தன். நல்லூரில் அவன் அப்பாவுக்கு நிட்டிங் யூனிட். பிறந்ததிலிருந்து மிஷின் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகியதால் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வான். நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். என் அப்பா அதே நல்லூரில் கட்டிங் மாஸ்டர். ரெண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பேக்கரி. ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது பேக்கரி வாசலில் கூப்பிட்டான்.

"ஏம் புள்ள, ஒரு சோலி."

"என்னல, சொல்லு."

"மொதல்ல அந்த லே-வ உட்டுப்போடு. எம்பட மாமன் கேட்டா, நான் யாருக்கோ அடியாளாப் போயிட்டேன்னு நெனச்சுக்குவாரு."

"சரிங்க முதலாளி. சொல்லுங்க முதலாளி."

அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். சேவூர்ப் பக்கம் தோட்டக்காரக் குடும்பம். பெண் எம்.எஸ்ஸி. கணிதம். அண்ணன் பெங்களூரில் சாஃப்ட்வேர். தறி வைத்திருக்கும் இவனுடைய தாய்மாமன்தான் பல்லடத்திலிருந்து முன்னால் நின்று பேசுகிறார். மாமன் கொடுத்த ஜாதகத் தாளிலேயே பையன் பெயருக்குப் பின்னால் பி.காம்., எம்.பி.ஏ. என்று அடித்திருந்தார்கள்.

"பொண்ணு படிப்புக்குக் கொறஞ்ச மாப்ள வேண்டாமுன்னு அவிங்க ஊட்ல ஒரே புடியா இருக்கறாங்க. எம்பிஏன்னதுக்கப்பறந்தான் ஜாதகமே வாங்குனாங்களாமா" என்றான்.

"பொண்ணப் புடிச்சிருக்கா?"

பன்னை ரெண்டாகப் பிய்த்தான். சாப்பிடவில்லை. "கோயில்ல வெச்சுப் பாத்தோம். பேசிக்கோங்கன்னு ஒதுங்குனாங்க. நான் என்னத்தப் பேசறது? அவங்களே கேட்டாங்க, மிஷின் ஓடற எடத்துல எப்படிங்க தூங்கறீங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"மிஷின் நின்னாத்தானுங்க முழிப்பு வரும்னேன். சிரிச்சுப்போட்டாங்க." சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்தது. ரெண்டு வருடம் முழுக்க நான் பார்க்காத ஒரு சிரிப்பு. இவன் விழுந்துவிட்டான் என்று புரிந்தது.

"அப்புறம் என்னல பிரச்சின?"

"அவங்கண்ணன் நெட்டுல பாத்திருக்கறாரு. நம்ம காலேஜப் பத்தி ஏதோ பக்கம் இருக்குதாமா. அதுல டிப்ளமோன்னு போட்டிருக்குதாமா. எந்த நாயோ எழுதி வெச்சிருக்குது."

நான் டீயை ஒரு மடக்கு குடித்தேன். "அந்த நாய் நாந்தான்."

அவன் கத்திய கத்தலில் பேக்கரிக்காரர் பஜ்ஜிக் கரண்டியோடு வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம் அவன் ஒரு வாதம் வைத்தான். அந்த மாதம்தான் எங்கள் கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு கிடைத்த செய்தி பேப்பரில் வந்திருந்தது. அடுத்து சேரப்போகிறவர்களுக்கு நிஜமான எம்பிஏ பட்டம்.

"இனிமே அங்க எம்பிஏ குடுக்கறாங்களா, இல்லியா?"

"குடுக்காங்க."

"அப்ப அத அந்தப் பக்கத்துல எழுதோணுமா, வேண்டாமா?"

"எழுதணும்."

"அத எழுதிப்போட்டா டிப்ளமோ சமாச்சாரம் பழசாப் போச்சல்ல? பழச எடுத்துப்போடு. எம்பிஏ குடுக்கற காலேஜுன்னு மட்டும் இருக்கட்டும். இதுல ஒரு பொய்யாவது சொல்லச் சொன்னனா?"

ரெண்டு வருடத்தில் ஒரு கேஸ் ஸ்டடியைக்கூட இவ்வளவு தெளிவாக இவன் பேசியதில்லை. எழுதச் சொல்வது உண்மை. எடுக்கச் சொல்வது பழசு. ரெண்டையும் செய்தால் அவன் பெயரைத் தொடாமலே அவனுக்கு ஒரு பட்டம் கிடைத்துவிடும்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கல்லூரி ஆபீஸுக்குப் போன் போட்டேன். எந்தத் தேதியிலிருந்து எம்பிஏ என்று கேட்டேன். ஆபீஸ் சார் உற்சாகமாகிவிட்டார். "எம்பிஏன்னே போட்டுருங்கம்மா. முன்னாடி என்ன இருந்துச்சுன்னு யாருங்கம்மா கேக்கப் போறாங்க?" என்றார்.

ஒருத்தர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், பெங்களூரில். அதுதான் என் கையைப் பிடித்தது. பேப்பர் செய்தியை ஆதாரமாக வைத்துப் புது வரியைச் சேர்த்தேன். பழைய வரியை எடுக்கவில்லை, காலத்தை மட்டும் மாற்றினேன். 'தொடக்கம் முதல் ஈராண்டு முதுநிலை டிப்ளமோ அளித்துவந்த இந்நிறுவனம், வரும் கல்வியாண்டு முதல் பல்கலைக்கழக எம்பிஏ பட்டம் வழங்கவுள்ளது.' சேமி என்று அழுத்திவிட்டு டிபன் பாக்ஸை மூடினேன். பசி இல்லை.

அவன் அன்று சாயங்காலமே போன் செய்தான். "முன்னாடி சந்தேகமா இருந்துச்சு. இப்ப நீயே முடிச்சுப்போட்ட" என்றான். கத்தாமல் சொன்னான். அது எனக்குப் பழக்கமில்லாத குரல். "உனக்கும் அதே டிப்ளமோதான? உனக்கு மாப்ள பாக்கறப்ப உங்கப்பா என்னன்னு சொல்லுவாரு?"

"எங்கப்பா மெர்ச்சண்டைசர்னா என்னன்னே இன்னும் கேட்டுட்டு இருக்காரு. டிப்ளமோவுக்கு எங்கிட்டு வாறது?"

அவன் சிரிக்கவில்லை. வைத்துவிட்டான்.

அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு. எழுதுகிறவர்கள் அங்கேதான் சண்டை போட்டுக்கொள்வார்கள். ரெண்டு நாள் கழித்து அங்கே ஒரு புதுக் கேள்வி கிடந்தது. மரியாதையான ஆங்கிலம். 'அன்புள்ள ஐயா, இந்நிறுவனத்தில் படித்த ஒருவரோடு எங்கள் குடும்பத்தில் சம்பந்தம் பேசிவருகிறோம். புது எம்பிஏ பட்டம் ஏற்கெனவே படித்து முடித்தவர்களுக்கும் பொருந்துமா, அவர்களுக்கு டிப்ளமோ மட்டும்தானா என்று தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.' என் பயனர் பெயர் ஒரு தையல் மிஷினின் பெயர். அதை வைத்து என்னை ஐயா ஆக்கிவிட்டார். அந்த அண்ணன்தான், சந்தேகமே இல்லை.

நான் இதை நண்பனிடம் சொன்னேன். அவன் பதறி மாமனிடம் சொன்னான். மாமன் பதறவில்லை. அவருக்கு இது தெரிந்த சமாச்சாரம். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசினால் விசாரிப்பார்கள். யூனிட்டுக்கு எதிர் பேக்கரியில், நூல் ஏஜெண்டிடம், சாயப்பட்டறையில் என்று பெண் வீட்டு ஆள் யாராவது வந்து, "அந்தப் பையன் எப்படிங்க?" என்று கேட்பார். கேட்கிற இடத்தில் நாலு நல்ல வார்த்தை சொல்ல ஆள் இருக்க வேண்டும். பையன் வீட்டுக்காரர்கள் அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைப்பார்கள். இப்போது பெண் வீட்டார் கம்ப்யூட்டரில் விசாரிக்கிறார்கள். அப்படியென்றால் நாலு நல்ல வார்த்தையையும் கம்ப்யூட்டரில்தானே சொல்ல வேண்டும்? மாமன் பல்லடம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், சென்டர்காரரை டைப் அடிக்கச் சொல்லி, சொல்லிவிட்டார்.

மறுநாள் பேச்சுப் பக்கத்தைத் திறந்தால், அந்த அண்ணனின் கேள்விக்குக் கீழே ஆங்கில எழுத்தில் தமிழ். 'வணக்கமுங்க. பையன் தங்கமான பையனுங்க. கெட்ட பழக்கம் ஒண்ணுங் கெடையாதுங்க. அப்பன் பேச்சத் தட்ட மாட்டானுங்க. எம்பிஏ முடிச்சிருக்கறானுங்க. நேர்ல வந்து ஊடு பாருங்க. ஒரு நேரம் சாப்புட்டுப் போங்க. இப்படிக்குத் தாய்மாமன்.'

அதற்குக் கீழே நூல் ஏஜெண்ட்: 'நல்ல குடும்பமுங்க. நம்பிப் பொண்ணு குடுக்கலாமுங்க.' அதற்கும் கீழே எங்கள் பேக்கரிக்காரர்: 'நம்ம கடைல டீயும் பன்னுந்தானுங்க. வேற ஒண்ணும் பாத்ததில்லீங்க.' எல்லாரையும் மாமனே சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட் அக்கா என் தலையில் தட்டினார். சிரிப்பு அடங்குவதற்குள் நம் பழைய ஆள் வந்துவிட்டார். நாடு தெரியாத அந்த ஆள். 'இது என்ன மொழி? கட்டுரைக்குத் தொடர்புடையதா? யாராவது மொழிபெயர்க்க முடியுமா?' என்று கேட்டிருந்தார். வேறு யார் இருக்கிறார்கள்? நான் மொழிபெயர்த்தேன். தங்கமான பையனை எப்படி ஆங்கிலப்படுத்துவது என்று கொஞ்சம் திணறினேன். ஒரு மணி நேரம் கழித்து அவர் கேட்டார்: 'இந்தப் பையன் குறிப்பிடத்தக்கவரா?'

அந்தத் தளத்தில் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. பத்திரிகையில், புத்தகத்தில் இவரைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று. இல்லை என்றேன். அவர் மாமனையும் ஏஜெண்டையும் பேக்கரியையும் ஒரே அழுத்தில் நீக்கினார். அண்ணனின் கேள்வியை மட்டும் விட்டுவைத்தார். அதன் கீழே எனக்கு ஒரு குறிப்பு: 'இது கட்டுரையின் துல்லியம் பற்றிய நியாயமான கேள்வி. உங்களிடம் ஆதாரம் இருந்தால் தயவுசெய்து பதில் எழுதவும்.'

என்னிடம் ஆதாரம் இருந்தது. வீட்டு பீரோவில், எங்கள் பேட்ச் பிராஸ்பெக்டஸ். அதைக் காட்டி ஒரு வரி எழுதினால் கேள்வி முடிந்தது. என் நண்பனின் கல்யாணப் பேச்சும் அதோடு முடிந்தது.

அவனுக்குப் போன் செய்தேன். பின்னால் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அந்த அண்ணன் கேட்டதுக்கு நான் பதில் எழுதணும்ல. நாளைக்கு மத்தியானம் எழுதுவேன். அதுக்கு முன்னாடி நீயே அவியகிட்ட சொல்லிரு."

"நீ எழுதாம உட்டீன்னா?"

"வேற எவனாச்சும் எழுதுவான். எவனும் எழுதலன்னாலும், கல்யாணத்துக்குப் பொறவு அந்தப் புள்ள ஒன் சர்டிபிகேட்ட பாக்காமயா இருக்கும்? எம்மெஸ்ஸி மேத்ஸ்."

அவன் போனோடு வெளியே வந்தான் போல, மிஷின் சத்தம் குறைந்தது. அப்புறம் சொன்னான்: "எங்கப்பனுக்கே தெரியாது புள்ள. அவரும் எம்பிஏன்னுதான் நெனச்சுட்டு இருக்கறாரு. நீ வர்றியா? நீயும் அதே படிப்புத்தான? ஒரு ஆள் கூட இருந்தா சொல்லிப்போடுவேன்."

அன்று ஷிப்ட் முடிந்ததும் நேராக யூனிட்டுக்குப் போனேன். உள்ளே எட்டு வட்ட மிஷின்கள் ஒரே இரைச்சலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பஞ்சுத் தூசி மினுமினுவென்று பறந்தது. அவன் அப்பா கடைசி மிஷினுக்குக் கீழே உட்கார்ந்து, இறங்கும் துணியைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"அப்பா, நான் படிச்சது எம்பிஏ இல்லீங்க!"

"என்னடா?"

"எம்பிஏ இல்லீங்கப்பா! அது வேறைங்க!"

"நூலா? எந்த நூலு?"

"நூலு இல்லீங்க! படிப்பு!" இவன் கையை ஆட்டி ஆட்டிக் கத்தியதைப் பார்த்த மிஷின்காரர், நிறுத்தச் சொல்கிறான் என்று நினைத்து ஒவ்வொரு மிஷினாக அணைத்துக்கொண்டு வந்தார். கடைசி மிஷினும் நின்ற நேரத்தில்தான் இவன் மூச்சைப் பிடித்து, "டிப்ளமோங்க!" என்று கத்தினான். யூனிட் முழுக்க அந்த ஒரு சொல்தான் கேட்டது. நூல் கோன் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் நிதானமாக எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினார். "அப்ப ரெண்டு வருசம் எங்க போன?"

"காலேஜுக்குத்தானுங்க."

"பரீச்ச எழுதுனியா?"

"எழுதுனனுங்க."

"பாஸா?"

"பாஸுங்க."

"அப்பறம் அதுக்குப் பேரு என்னவா இருந்தா என்னடா?" என்னைப் பார்த்தார். "ஏங் கண்ணு, உனக்கும் அதேதானா?"

"ஆமாங்க, அதேதாங்க." இவ்வளவு நாளில் எனக்கும் அந்த 'ங்க' ஒட்டிக்கொண்டிருந்தது, பெரியவர்களிடம் மட்டும்.

"உனக்கு வேல குடுத்திருக்கறாங்கல்ல?"

"குடுத்திருக்காங்க."

"அப்பச் சரி" என்றவர், போகத் திரும்பி நின்றார். அப்போதுதான் அவருக்கு மற்றது உறைத்தது போலிருந்தது. "ஆனா பொண்ணூட்ல நாம எம்பிஏன்னுல்ல சொல்லியிருக்கறோம்? அது தப்பாப் போயிருமே. இப்பவே கூப்புட்டுச் சொல்லிப்போடு. மாமன உட்டுச் சொல்ல வேண்டாம். அவன் பேசுனா இன்னும் ரெண்டு படிப்பச் சேத்திப்போடுவான்."

வெளியே துணி ரோல் ஏற்றிக்கொண்டிருந்த டெம்போவுக்குப் பக்கத்தில் நின்று அவன் பெங்களூருக்குப் போன் செய்தான். எனக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் கேட்டது. "வணக்கமுங்க... ஆமாங்க... அந்த ஜாதகத் தாள்ல எம்பிஏன்னு இருக்குதுங்க, அது தப்புங்க... டிப்ளமோதானுங்க... யாரும் சொல்லச் சொல்லலீங்க, நானாத்தானுங்க... அந்தப் பக்கத்துல எழுதுனது எங்க மாமனுங்க. ஆமாங்க. பேக்கரிக்காரரும் நெசந்தானுங்க... செரிங்க." வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஊட்ல சொல்றேன்னாரு. அவ்ளோதான்."

"குரல் எப்படி இருந்துச்சு?"

"சாஃப்ட்வேர் மாதிரி இருந்துச்சு" என்றான்.

மறுநாள் மதியம் பேச்சுப் பக்கத்தில் பதிலை எழுதினேன். பிராஸ்பெக்டஸின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது வரை குறிப்பிட்டேன். சாயங்காலம் அந்த அண்ணன் ஒரே வரியில் நன்றி சொல்லியிருந்தார், ஐயாவுக்கு. கூடவே, கட்டுரையில் கல்லூரி நகரத்துக்குள் இருப்பதாகப் போட்டிருக்கிறது, அது ஊராட்சி எல்லையில் அல்லவா வருகிறது என்றும் கேட்டிருந்தார். பார்த்தால் சரிதான். திருத்தினேன். சம்பந்தம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்கப்புறம் வந்த நாட்கள் அவனுக்கு மோசமான நாட்கள். தினமும் போன் செய்து, "அந்தப் பக்கத்துல அவரு ஏதாச்சும் எழுதியிருக்கறாரா?" என்று கேட்பான். அங்கே எதற்கு அவர் எழுதப்போகிறார் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. தானே ஒரு பயனர் கணக்கு ஆரம்பித்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சும்மா பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கை அரித்திருக்கிறது. வகுப்பறைகள் காற்றோட்டமானவை என்று கல்லூரி மறுபடியும் ஒட்டியிருந்த ஒரு வரியைப் பார்த்து, 'மேல்மாடியில் ஃபேன் ஓடாது' என்று சேர்த்துவிட்டான். நம் ஆள் வந்து ரெண்டு வரியையும் சேர்த்து நீக்கினார். "நெசத்தத்தான புள்ள எழுதுனேன்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். அந்த நேரத்துக்கு மட்டும் அவன் கல்யாணத்தை மறந்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேக்கரிக்கு வரச் சொன்னான். போனேன். டீ சொன்னான், பன் சொன்னான். பேக்கரிக்காரர் தானாகவே ஒரு தட்டு முறுக்கையும் வைத்துவிட்டு, "ஊடு பாக்க வர்றாங்களாமுங்க" என்று அவனுக்கு முன்னாடி சொல்லிவிட்டார். ஊரில் எல்லாருக்கும் சொல்லிவிட்டு எனக்குக் கடைசியாகச் சொல்கிறான் என்று நான் முறைத்தேன். அவன் முறுக்கை என் பக்கம் தள்ளினான். ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

கல்யாணம் அவினாசி ரோட்டில் ஒரு மண்டபத்தில். பத்திரிகையில் அவன் பெயருக்குப் பின்னால் பி.காம்., பி.ஜி.டி.எம். என்று இருந்தது. எங்கள் முதுநிலை டிப்ளமோவின் சுருக்கம். அப்படித்தான் போட வேண்டும் என்று பெண்ணே சொன்னதாகக் கேள்வி. பந்திக்கு முன்னால் கூட்டத்தில் ஒருவர் என்னிடம் வந்து கைகூப்பினார். கண்ணாடி, ஒட்ட வெட்டிய முடி.

"அந்தக் கலைக்களஞ்சியத்துல எழுதறது நீங்கதானுங்களா? மாப்ள சொன்னாரு. நான் சார்னு நெனச்சுப்போட்டனுங்க. மன்னிச்சுக்கோங்க."

"பரவால்லங்க. பையருங்களும் பாதிப் பேரு எனக்கு மிஸ்டர்னுதான் போடுதாங்க."

அவர் சிரித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "எங்கூட்ல அன்னிக்கு வேண்டாமுன்னுதானுங்க இருந்தாங்க. நானுந்தானுங்க. தங்கச்சிதான் ஒண்ணே ஒண்ணு கேட்டா. நீயாப் பாத்துக் கண்டுபுடிச்சியா, அவராக் கூப்புட்டுச் சொன்னாரான்னு. அவராத்தான் சொன்னாருன்னேன். அப்ப என்னங்கண்ணா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்னுட்டா." மேடையைப் பார்த்தார். அங்கே மாப்பிள்ளை ஏதோ கத்திச் சொல்ல, பெண் காதைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கு ரெண்டு அடி தள்ளி மாமன் பட்டு வேட்டியில் நின்றிருந்தார். ஒரு பெரியவர் பத்திரிகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அவரிடம் கேட்டார்: "பிஜிடிஎம்முன்னு போட்டிருக்குதுங்களே, அது என்ன படிப்புங்க?"

மாமன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "எம்பிஏவுக்கும் ஒரு படி மேலுங்க. இப்ப அத நிறுத்திப்போட்டாங்க. இனி யாருக்குங் கெடைக்காதுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். நிறுத்திவிட்டார்கள் என்பது உண்மை. இனிக் கிடைக்காது என்பதும் உண்மை. அதில் எதை வெட்டுவது? வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மாமன் என்னைப் பார்த்துவிட்டார்.

"இந்தப் புள்ளையும் அதே படிப்புத்தானுங்க. எக்ஸ்போர்ட்ல இருக்குது."

பெரியவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்பிடீங்களா? அப்பா என்ன பண்றாரு கண்ணு? எந்தூரு உங்களுக்கு?"

விசாரணை ஆரம்பித்துவிட்டது என்று புரிந்தது. பந்தியில் இடம் போய்விடும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.